நிரவக் கூடாத பெட்டி

மச்சாளின் கல்குலேட்டருக்கு வெயில்தான் சாப்பாடு. உள்ளங்கைக்குள் அடங்குகிற சாம்பல்நிறச் சாமான் அது. நெற்றியில் கறுப்பாக ஒரு கண்ணாடிப் பட்டி. பட்டியில் வெயில் பட்டால் எண்கள் எழும்பும். யாராவது முன்னால் வந்து மறைத்தால் பாதிக் கணக்கில் செத்துப்போகும். "நிழலை எடுங்கோ!" என்று அவள் போடுகிற சத்தம் கண்டாவளையில் நாங்கள் இருந்த வீட்டு வளவு முழுக்கக் கேட்கும். கோழிகள்கூட அதற்குப் பழகிவிட்டன. வன்னிக்குள் அப்போது பற்றறி கொண்டுவரத் தடை. செய்தி கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி மிதியைச் சுற்றி, டைனமோவிலிருந்து ரேடியோவுக்குக் கொடுத்த காலம். பற்றறிக் கல்குலேட்டர் வைத்திருந்தவர்கள் அதை எங்காவது போட்டுவிட்டு விரல் மடித்து எண்ணினார்கள். மச்சாளுக்கு மட்டும் அந்தக் கவலை இல்லை. "சூரியனுக்கு ஆரும் தடை போடேலாது, மச்சாள்" என்று சொல்லிக்கொண்டு வெயிலுக்குள் கதிரையை இழுப்பாள்.

அவள் என் கணவரின் தங்கச்சி. எனக்கு அவள் மச்சாள், அவளுக்கு நான் மச்சாள். ஏறக்குறைய ஒரே வயது. யாழ்ப்பாணத்துச் சனம் முழுக்க வெளிக்கிட்ட அந்தப் பெரிய இடப்பெயர்வில் கடலேரியைக் கடந்து வன்னிக்குள் வந்தவர்கள் நாங்கள். நான் கலியாணம் முடித்த புதிது. இரண்டு பானை, ஒரு கூறைச்சேலை, ஒரு மூட்டை அரிசி என்று ஏதோ வாழப்போகிறவள் போலக் கட்டிக்கொண்டு வந்தேன். அவள் கொண்டு வந்தது பொலித்தீன் பையில் சுற்றிய ஒரு கட்டுக் கடதாசி. வள்ளத்தில் பக்கத்தில் இருந்த மனிசி, அவள் அதை நெஞ்சோடு அணைத்திருந்த விதத்தைப் பார்த்துவிட்டு, "நகையோ பிள்ளை?" என்று கேட்டது. "நகையெண்டால் வித்துச் சாப்பிடலாம். உது அதுக்கும் உதவாது" என்று நான்தான் பதில் சொன்னேன். மச்சாள் சிரித்தாள். நனைந்துபோன சட்டையோடு, அடுத்த நேரம் எங்கே படுப்பதென்று தெரியாமல் இருக்கும்போதும் அவளுக்குச் சிரிப்பு வரும். எனக்கு அது பிடிக்கும். எரிச்சலும் வரும்.

கடதாசியில் இருந்தவை எண்கள். அவள் பௌதிகம் படித்து முடித்து, வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவரிடம் ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் பதிந்திருந்தாள். விஷயம் இதுதான். நோயாளிக்கு ஊசியில் ஒரு மருந்து ஏற்றுவார்கள். அது உடம்புக்குள் போய், வருத்தம், அதாவது நோய், உள்ள இடத்தில் கூடுதலாகத் தங்கி, அங்கிருந்து கதிர் விடும். வெளியே ஒரு கமரா சுற்றிவந்து எந்தப் பக்கத்தால் எத்தனை கதிர் வந்ததென்று எண்ணும். அந்த எண்ணிக்கையை வைத்து, உள்ளே எந்த இடத்தில் எவ்வளவு மருந்து என்று கணக்குப் போட்டுப் படமாக்க வேண்டும். சிக்கல் என்னவென்றால் வருகிற கதிர் கொஞ்சம். கொஞ்சத்தை எண்ணினால் எண்கள் தாறுமாறாக ஏறி இறங்கும், படம் முழுக்கப் பொரிபொரியாகப் புள்ளி விழும். அதை அவர்கள் இரைச்சல் என்கிறார்கள். அதைத் துடைப்பதற்கு எல்லாரும் கையாளுகிற சுகமான வழி, ஒவ்வொரு புள்ளியையும் அயல் புள்ளிகளோடு கலந்து நிரவிவிடுவது. படம் வடிவாக வரும். ஆனால் உள்ளே சின்னதாக ஒரு கட்டி இருந்தால் அதுவும் சேர்ந்து நிரவுப்பட்டுக் காணாமல் போகும். சின்ன ஏற்ற இறக்கத்தை நிரவலாம், உண்மையான மேட்டில் கை வைக்கக் கூடாது; எது ஏற்றம், எது மேடு என்று எப்படித் தீர்மானிப்பது? இதுதான் அவளுடைய ஆராய்ச்சி.

பேராசிரியர் அவளுக்கு ஒரு சோதனை வைத்திருந்தார். ஒரு பெரிய பிளாஸ்டிக் போத்தலில் சாயமும் மருந்தும் கலந்த தண்ணீரை நிரப்பி, அதற்குள் மருந்து கூடுதலாக ஏற்றிய சின்ன மணி ஒன்றை ஒட்டி, வேண்டுமென்றே குறைவாக எண்ணி, அந்த எண்களை அனுப்பியிருந்தார். உள்ளே மணி ஒன்று இருக்கிறது, எங்கே என்று உன் முறையால் கண்டுபிடி. கண்டுபிடித்தால் பட்டம். வருட முடிவுக்குள் அனுப்பாவிட்டால் பதிவு போய்விடும். இவ்வளவுதான் அவளுக்கும் அந்தப் பட்டத்துக்கும் நடுவில் இருந்தது. அதோடு, கணக்கைப் போட ஒரு கொம்பியூட்டர் வேண்டும். அது யாழ்ப்பாணத்தில் ஒரு பூட்டிய அறைக்குள் கிடந்தது. கண்டாவளையில் மின்சாரமே கிடையாது.

"கையாலை போடுவன்" என்றாள்.

"உமக்கு விசரோ?" என்றேன்.

"ஓம்" என்றாள். முடிந்தது கதை. அவளோடு அதற்குமேல் வாக்குவாதப்படுவது கல்லில் நார் உரிக்கிற வேலை.

நாங்கள் இருந்தது ஒரு நெல் விவசாயக் குடும்பத்தின் வளவில். வீட்டுக்கார மாமி தன் தென்னைகளுக்குக் கீழே எங்களுக்கு ஒரு கொட்டில் போட இடம் தந்திருந்தார். எங்களுக்கு முன்பே முல்லைத்தீவுக் கரையிலிருந்து ஓடிவந்த ஒரு அக்கா பக்கத்துக் கொட்டிலில் இருந்தார். புருசன் கடலில் போனவர் திரும்பவில்லை. கழுத்தில் செபமாலை, வாயில் எப்போதும் மாதா. நாங்கள் அவரைக் கரையக்கா என்றுதான் கூப்பிட்டோம். நிவாரணம் வருகிற நாளில் மாமி எல்லாரையும் முற்றத்துக்குக் கூப்பிடுவார். ஒருவருக்கு மா வந்திருக்கும், இன்னொருவரின் கூப்பனில் ஏதோ பிழை என்று வெறுங்கையோடு வந்திருப்பார். மாமி ஒரு கதையும் கேட்கமாட்டார். எல்லாவற்றையும் சாக்கில் கொட்டி, சுண்டுப் பேணியால் அளந்து, கொட்டிலுக்குக் கொட்டில் நிரவிவிடுவார். "ஒரு அடுப்பு எரிய மற்ற அடுப்பு அணையக் கூடாது" என்பது அவருடைய சட்டம். கூடுதலாகக் கிடைத்தவர் முகம் சுளித்தால், அந்த ஆள் அன்றைக்கு வளவுக்குள் தலைநிமிர்ந்து நடக்கேலாது. அந்த நிரவலால்தான் நாங்கள் அந்த வருடத்தைத் தாண்டினோம். இதை யாருக்கு முன்னாலும் சொல்வேன்.

ஒரு ஆள் போட்டு முடிகிற கணக்கில்லை என்று தெரிந்ததும் மச்சாள் ஆள் பிடித்தாள். போத்தலின் குறுக்குவெட்டைப் பெரிய கடதாசியில் சின்னச் சின்னப் பெட்டிகளாகக் கீறினாள். குறுக்கு வரிசைகள் மாமிக்கு, நெடுக்கு வரிசைகள் கரையக்காவுக்கு, சாய்ந்த வரிசைகள் எனக்கு. எல்லாப் பெட்டிக்கும் முதலில் ஒரே அளவு கொடுப்பது. பிறகு ஒவ்வொரு வரிசையையும் கூட்டி, கமரா எண்ணியதோடு ஒப்பிட்டு, குறைந்தால் ஏற்றுவது, மிஞ்சினால் இறக்குவது. குறுக்கு முடிய நெடுக்கு, நெடுக்கு முடிய சாய்வு, திரும்பவும் குறுக்கு. இப்படியே சுற்றச் சுற்ற, மருந்து இருக்கிற பெட்டியில் எண் தானாக ஏறிவரும். அவர்களுக்கு விளங்கட்டும் என்று மச்சாள் சொன்னாள்: "மாமி, ஒவ்வொரு பெட்டியும் ஒரு வீடு, ஒவ்வொரு வரிசையும் ஒரு தெரு ஒழுங்கை எண்டு நினையுங்கோ. வீட்டுக்குள்ள எவ்வளவு அரிசி இருக்கெண்டு எங்களுக்குத் தெரியாது. ஒரு ஒழுங்கையில இருக்கிற வீடுகள் எல்லாத்திலையும் சேர்த்து எவ்வளவு எண்டு மட்டும் தெரியும்."

"அட, இவ்வளவுதானே" என்றார் மாமி. "இதுக்கோ பட்டம் குடுக்கினம்?"

நிவாரண வரிசையில் சனம் என்னை மறித்துக் கேட்கும், உன்ர மச்சாள் என்ன செய்யிறா என்று. போத்தலுக்குள் மணி தேடுகிறாள் என்பேன். சிரிப்பார்கள். சில பேர் சிரிக்கமாட்டார்கள். சனம் சாகுது, பங்கர் வெட்டுறதை விட்டிட்டு உங்களுக்கு உது தேவையோ என்று முகத்துக்கு நேரே கேட்பார்கள். முதலில் எனக்கு வெட்கமாக இருந்தது. பிறகு கோபம் வந்தது. ஏன், எங்களுக்கு மூளை இருக்கக் கூடாதோ? குண்டு போடுகிறவன் எங்களை வெறும் வயிறும் காலுமாக நினைக்கிறான் என்றால், நாங்களும் அப்படியே நினைக்க வேண்டுமோ? பங்கரும் வெட்டினோம். மச்சாளும்தான் வெட்டினாள். வெட்டிய கையோடு வந்து கணக்குப் போட்டாள்.

சுற்றுக்கள் போயின. எண்கள் ஏறிவரவில்லை. எத்தனை முறை சுற்றினாலும் தாள் முழுக்க ஏறக்குறைய ஒரே எண். உழுது மட்டப்படுத்திய வயல் போலக் கிடந்தது. மச்சாள் ஒவ்வொரு வரிசையின் கூட்டுத்தொகையையும் பார்த்தாள், எல்லாம் சரி. தன் முறை பிழை என்று நினைத்தாள். பிறகு பேராசிரியர் அனுப்பிய எண்கள் பழுதென்று நினைத்தாள். வன்னியை விட்டு வெளியேறி வவுனியா போக ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்குப் பாஸ் கிடைத்திருந்தது. அவர் கையில் கொடுத்தால்தான் கொழும்புக்குப் போய்த் தபாலில் சேரும், அவரும் வெளிக்கிடப் போகிறார். குசினிக் கொட்டிலுக்குப் பின்னால் போய் நின்று அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல். "மச்சாள், மணியே இல்லாத போத்தலைத் தந்து என்னைப் பேய்க்காட்டிப் போட்டாரோ?" என்றாள். எனக்கு அந்தப் பேராசிரியரை ஈர்க்குக் கட்டால் அடிக்க வேண்டும் போல இருந்தது.

அன்றைக்குப் பின்னேரம் அவள் கணக்குப் போடாமல் சும்மா இருந்தாள். சும்மா இருந்தபடியால்தான் கண்டாள். மாமி ஒரு வரிசையைப் போட்டு முடித்தார், கூட்டிச் சரிபார்த்தார். பிறகு அழிறப்பரை எடுத்து ஒரு எண்ணை அழித்துக் குறைத்து, பக்கத்துப் பெட்டிகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி எழுதினார். எழுதிவிட்டு ஊதித் துடைத்தார். அந்தப் பக்கம் கரையக்காவும் அதையே செய்துகொண்டிருந்தார். இரண்டு பேர் முகத்திலும் நல்ல காரியம் செய்கிற அமைதி.

"மாமி! என்ன செய்யிறியள்?"

"என்ன பிள்ளை, இந்த வீட்டில நாப்பது, பக்கத்து வீட்டில மூண்டு. உது நியாயமே? ஒழுங்கையின்ர மொத்தத்தை நான் மாத்தேல்லை. உள்ளுக்க நிரவி விட்டனான், அவ்வளவுதான்."

"ஓம் தங்கச்சி," என்றார் கரையக்கா, "மாதாவாணைக்கும் ஒரு அரிசிமணி குறையேல்லை. நானும் மாமியும் முதல் நாளே கதைச்சுப்போட்டுத்தான் செய்தனாங்கள்."

மச்சாள் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினாள். "ஐயோ மாமி, அந்த நாப்பதுதான் வருத்தம்! அதுதான் கட்டி! அதை நிரவினால் டொக்டர் ஒண்டுமில்லையெண்டு வீட்டை அனுப்பிப்போடுவார், ஆள் செத்துப்போகும்!"

மாமியின் கையில் அழிறப்பர் அப்படியே நின்றது. அவருக்குக் கோபம் வந்ததா, பயம் வந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அதைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப ஏன் பிள்ளை வீடெண்டு சொன்னனீ?" என்றார். "வீடெண்டால் நிரவத்தானே வேணும். வருத்தமெண்டு முதலே சொல்லியிருந்தால் தொட்டிருப்பனே?" எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு மச்சாளுக்குத் தொற்றி, பிறகு கரையக்காவுக்கும் தொற்றி, கடைசியில் மாமியும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். பெரிய பெரிய மெசினுக்குள் படித்த ஆக்கள் செய்து வைத்திருக்கிற வேலையைத்தான் அந்த இரண்டு மனிசிகளும் அழிறப்பரால் செய்திருக்கிறார்கள் என்று மச்சாள் பிறகு எனக்குச் சொன்னாள். இவர்களாவது இரக்கத்தில் செய்தார்கள், அவர்கள் படம் வடிவாக வர வேண்டுமென்று செய்கிறார்கள் என்றாள்.

எல்லாம் முதலிலிருந்து. வாத்தியாரின் வீட்டுக்கு என் கணவர் சைக்கிளில் ஓடிப்போய்ப் பயணத்தைப் பிற்போடச் சொல்லிக் கெஞ்சினார். மாமி அடுப்பை மருமகளிடம் விட்டுவிட்டு வந்து குந்தினார். வேலையில் ஒரு வேகம் ஏறியிருந்தது. இந்த முறை எண்கள் ஏறின. ஒரு பெட்டி மெல்ல மெல்லத் தலை தூக்கி, நாப்பதைத் தாண்டி நின்றது. மணி! மாமி அந்தப் பெட்டியை விரலால்கூடத் தொடப் பயந்தார். மச்சாள் தன் முறைப்படி மற்றச் சின்ன ஏற்ற இறக்கங்களைத் தணித்தாள். தாள் தெளிந்துகொண்டு வந்தது. எல்லாம் தணிந்த பிறகும் போத்தலின் அடிப்பக்கம் ஒரு மூலையில் இன்னொரு பெட்டி அடங்காமல் நின்றது. பன்னிரண்டு. சுற்றிவர மூன்றும் நாலும்.

அதற்குத்தான் வீட்டில் சண்டை. என் கணவர் நல்ல மனிதர், ஆனால் சண்டைக்குப் போகாத மனிதர். "ஒரு மணிதான் வைச்சனான் எண்டு பேராசிரியரே எழுதியிருக்கிறார். உது இரைச்சல். அழிச்சுப்போட்டு அனுப்பு. பட்டத்தை எடு, பேந்து உன்ர நியாயத்தைக் கதை" என்றார்.

"இரைச்சலெண்டால் தானாப் போகும், அண்ணா. நான் ஏன் அழிக்க வேணும்?"

"பதிவு போயிடும் தங்கச்சி. இவ்வளவு பாடும் வீணாப்போகும்."

"உரலுக்குள்ள தலையைக் குடுத்தாச்சு. இனி உலக்கைக்குப் பயப்படேலுமே?"

அவள் சும்மா பிடிவாதம் பிடிக்கவில்லை. கமரா எண்ணிய பக்கங்களை இரண்டு பங்காகப் பிரித்தாள். ஒரு பங்கை மட்டும் வைத்து ஒரு படம், மற்றப் பங்கை மட்டும் வைத்து இன்னொரு படம். இரைச்சலென்றால் இரண்டு படத்திலும் ஒரே இடத்தில் வந்து குந்தாது, உண்மையான சாமானென்றால் இரண்டிலும் அங்கேயே இருக்கும். நாங்கள் நாலு பேரும் திரும்ப வெயிலுக்குள் இருந்தோம். பன்னிரண்டாக நின்ற அந்தப் பெட்டி இரண்டு படத்திலும் அதே மூலையில் நின்றது. மச்சாள் எழுதினாள், உள்ளே இருப்பது இரண்டு என்று. வாத்தியார் கொண்டுபோனார்.

பதில் வருமுன் நாங்கள் திரும்ப இடம்பெயர்ந்தோம். பனையால் விழுந்தவனை மாடேறி மிதித்த கதைதான். மாமியின் உழவு இயந்திரத்தில் மாமி, கரையக்கா, கோழிகள் உட்பட எல்லாரும் மாங்குளத்துக்கு அங்காலே ஒரு காட்டுக்கரையில் தறப்பாள் கூரைக்குக் கீழே வந்து சேர்ந்தோம். அங்கேதான் முதல் பதில் வந்தது. மணியின் இடம் சரி, பாராட்டு. இரண்டாவது இரைச்சல், போதுமான அளவு நிரவாததால் மிஞ்சியது. அதைத் துடைத்துவிட்டுத் திருத்தி அனுப்பு, இதுவே கடைசித் தவணை. அவள் இருந்த நிலைமை குறித்துத் தனக்கு அனுதாபம் என்றும் ஒரு வரி இருந்தது. அந்த வரிதான் அவளுக்குப் பொல்லாத கோபத்தைக் கிளப்பியது. "கோதாரி விழுந்த அனுதாபம்! நான் தறப்பாளுக்குக் கீழ இருக்கிறபடியால் எனக்கு எண்ணத் தெரியாதெண்டு நினைச்சிட்டார்!" அன்றைக்கே பதில் எழுதினாள். திருத்தமாட்டேன். இரண்டு பங்காகப் பிரித்துப் பார்த்த கணக்கு இதோ. போத்தலைத் திறந்து அந்த மூலையைப் பாருங்கள்.

என் கணவர் தலையில் கை வைத்தார். நான் வைக்கவில்லை. அதற்குள் நானும் அவள் பக்கம் முழுதாகச் சாய்ந்துவிட்டேன். எங்களைப் பற்றி வெளியே வருகிற செய்தியெல்லாம் நான் அந்தச் சைக்கிள் ரேடியோவில் கேட்டுக்கொண்டிருந்தவள். அங்கே நடக்கிறது ஒன்றுமில்லை, சனம் கொஞ்சப்பேர்தான், எல்லாம் வழமைபோல் என்பார்கள். கொஞ்சமாக இருக்கிறதைக் கணக்கில் எடுக்காமல் துடைத்துவிடுவது எவ்வளவு சுகமான வேலை என்று எனக்கு நன்றாகத் தெரியும். பன்னிரண்டு பன்னிரண்டாகவே நிற்கட்டும் என்றேன்.

இப்போது மச்சாள் குளிர் நாடொன்றின் ஆசுப்பத்திரியில் இதே வேலைதான் செய்கிறாள். நாங்கள் நாலு பேர் நாட்கணக்கில் போட்டதை மெசின் ஒரு கண் சிமிட்டலில் போடுகிறதாம். புதிதாக வருகிற இளம் பெடியன்கள் பளிங்கு போலத் துடைத்த படங்களைக் காட்டுவார்களாம். "துடைக்க முந்தினதைக் காட்டுங்கோ" என்று இவள் கேட்பாளாம். பின்னால் போய் என்னவோ பெயர் சொல்லிச் சிரிக்கிறார்களென்று தொலைபேசியில் எனக்குச் சொல்வாள். சிரிக்கட்டும். கண்டாவளையில் சிரித்தவர்களையே பார்த்துவிட்டோம், இவர்கள் எந்த மூலைக்கு.

பேராசிரியரின் கடைசிப் பதில் அந்தக் காட்டுக்கரைக்கு ஒரு மழை நாளில் வந்தது. தறப்பாள் ஒழுகி, அடுப்பு நனைந்து, கரையக்கா செபம் சொல்லிக்கொண்டிருந்தார். மச்சாள் வாசித்தாள். அவர் போத்தலைத் திறந்திருக்கிறார். மணியை ஒட்டும்போது பசை ஒரு துளி அடிப்பக்கத்து மூலையில் சிந்திக் காய்ந்திருக்கிறது. அது மருந்துத் தண்ணீரை உறிஞ்சியிருக்கிறது. சாயம் ஏறிய கறை இன்னும் அங்கே இருக்கிறது. அப்படி ஒன்று உள்ளே இருப்பது அவருக்கே தெரியாது. உன் கணக்குச் சரி, பட்டம் உறுதி, மன்னித்துக்கொள்.

கரையக்கா செபத்தை நிறுத்திவிட்டுக் கையைத் தட்டினார். என் கணவர் தங்கச்சியின் தலையைத் தடவினார், கண் கலங்கியிருந்தது. மச்சாள் மட்டும் சிரிக்கவில்லை. எதற்கும் சிரிக்கிறவள், அன்றைக்குச் சிரிக்கவில்லை.

"என்ன பிள்ளை, வெண்டிட்டாயெல்லோ. சிரியன்" என்றார் மாமி.

"போத்தலெண்டபடியால் திறந்து பாத்தவர், மாமி. அதுவும் நான் சண்டை பிடிச்சபடியால். ஆளெண்டால்? ஆரைத் திறந்து பாக்கிறது?"

என் கணவர் பேனையையும் கடதாசியையும் எடுத்து நீட்டி, முதலில் அவருக்கு நன்றி சொல்லி ஒரு வரி எழுது, அதுதான் மரியாதை என்றார். அவள் வாங்கிக்கொண்டு, ஒழுகாத மூலையாகப் பார்த்துக் குந்தினாள். நான் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். நன்றி அங்கே இல்லை. போத்தலுக்குப் பதிலாக அது ஒரு மனிசியாக இருந்திருந்தால், நீங்கள் சொன்னபடி அந்த இடத்தைத் துடைத்திருந்தால் அவள் இப்போது உயிரோடு இருப்பாளா என்று கேட்டுத்தான் அவள் முதல் வரியைத் தொடங்கியிருந்தாள்.